கதவு மூடுகிறது, கவனம்

1

போன வியாழக்கிழமை மத்தியானம், இரண்டு ரயில் நிலையங்களுக்கு நடுவில் என் மகளைத் தவறவிட்டேன். திரும்பக் கிடைத்துவிட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் இதைப் படிப்பவர்கள் கடைசி வரை பதைத்துக்கொண்டிருக்க வேண்டாம். தாரணி இப்போது என் எதிரில் உட்கார்ந்து வண்ணக் காகிதத்தை மடித்துக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் ஒரு வரி எழுதுவதற்குள் தலையைத் தூக்கி அவள் இருக்கிறாளா என்று பார்த்துவிடுகிறேன்.

திருப்பூரிலிருந்து ஜப்பானுக்கு வந்து இந்த வசந்தத்தோடு மூன்று வருடம் முடிகிறது. என் கணவர் பின்னல் எந்திரம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறார். ஊரில் அந்த எந்திரங்களை ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவரை, இங்கே தொழிற்சாலைக்கே வரச் சொல்லி அழைத்துக்கொண்டார்கள். ஒசாகாவிலிருந்து ரயிலில் வந்தால் வயல்கள் தெரியத் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன நகரம். வந்தபோது தாரணிக்கு இரண்டு வயது. இப்போது ஐந்து முடிந்துவிட்டது. ஊரில் இருந்தால் ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பு.

அந்த ஒன்றாம் வகுப்புதான் பொங்கலிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சு. என் கணவரின் அக்காவை நான் நங்கையா என்று கூப்பிடுவேன். அவிநாசி ரோட்டில் சின்னதாக ஒரு தையல் கம்பெனி நடத்துகிறவர். இரண்டு மகன்களும் வெளியூரில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் கார்டு போட்டு நாங்கள் பேசுவோம். ஒவ்வொரு முறையும் இதே கேள்விதான்.

"ஏனம்மணி, புள்ளைக்கு ஒண்ணாப்பு அங்கயா, இங்கயா?"

"இன்னும் முடிவு பண்ணலீங்க."

"அதுல என்னத்த முடிவு பண்றது? பாஷை தெரியாத ஊருல புள்ளைக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, ஆருகிட்டப் போயி என்னன்னு சொல்லுவ? எங்கிட்ட உடு. நான் படிக்க வெச்சுக்கறேன். நீங்க ரெண்டு பேரும் இருந்து சம்பாரிச்சுட்டு மெதுவா வாங்க."

நங்கையா பொல்லாதவர் அல்ல. எனக்குப் பிரசவம் ஆனபோது, ஷிப்மென்ட் நேரத்திலும் கம்பெனியை விட்டுவிட்டு வந்து ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்தவர். அதனால்தான் அவர் கேள்வியை ஒதுக்கித் தள்ள முடியவில்லை. ஆருகிட்டப் போயி என்னன்னு சொல்லுவ? பாத்திரம் கழுவும்போதும் துணி காயப்போடும்போதும் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

கணவரைக் கேட்டால், "அக்கா சொல்றதும் நாயந்தான். ஆனா புள்ளையப் பாத்துக்கறவ நீ. நீயே முடிவு சொல்லு" என்றார். எனக்கு மரியாதை கொடுப்பதாக நினைத்துத்தான் சொன்னார். எனக்கோ, தலையில் ஒரு மூட்டையை ஏற்றிவிட்டு நகர்ந்துவிட்ட மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்தில் சீட்டு பிடித்து வைத்திருப்பதாகவும், போன ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றும் நங்கையா கெடு வைத்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய வியாழக்கிழமைதான் அது நடந்தது.

2

ஜப்பானிய எழுத்தை நான் முதன்முதலில் பார்த்தது ஜப்பானில் அல்ல. திருப்பூரில், குழந்தைகள் போடும் டீ-ஷர்ட்டின் பக்கத் தையலில். பி.காம். முடித்ததும் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கு உதவியாளராகச் சேர்ந்தேன். ஜப்பான் ஆர்டர் வந்தால் லேபிள் சரிபார்ப்பது என் வேலை. எப்படித் துவைக்க வேண்டும், எப்படிக் காயப்போட வேண்டும் என்று சொல்லும் அந்தச் சின்ன வெள்ளை லேபிளில் ஒரு கோடு குறைந்தாலும் சரக்கு திரும்பி வந்துவிடும். அர்த்தம் தெரியாமலே, கோலத்தில் புள்ளி பார்ப்பது போல ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஆர்டர் தாளில் பக்கத்திலேயே ஆங்கிலமும் இருந்ததால் கொஞ்சம் கொஞ்சமாக மனதில் ஏறியது. நிறங்களின் பெயர். முழுக்கை, அரைக்கை. வட்டக் கழுத்து. பருத்தி நூறு சதவீதம். ப்ளீச் செய்யக் கூடாது. நிழலில் உலர்த்தவும்.

விமானத்திலிருந்து இறங்கியபோது என் கையில் இருந்த ஜப்பானிய மொழி இவ்வளவுதான். யாருடைய உடையையும் என்னால் தலை முதல் கால் வரை சொல்லிவிட முடியும். காலை வணக்கம் சொல்லத் தெரியாது.

அதன்பின் எனக்குச் சொல்லிக்கொடுத்தவை எந்திரங்கள்தான். இங்கே எல்லாம் பேசும். குளியலறைச் சுவரில் உள்ள பெட்டி, வெந்நீர் தயார் என்று சொல்லும். பணம் எடுக்கும் எந்திரம், சற்றுக் காத்திருக்கவும் என்று சொல்லும். லாரி திரும்பும்போது, இடது பக்கம் திரும்புகிறேன், கவனம் என்று தெருவுக்கே சொல்லும். எங்கள் அடுக்குமாடியின் லிஃப்ட்டும் ரயிலும் ஒரே வாக்கியத்தைச் சொல்லும்: கதவு மூடுகிறது, கவனமாக இருக்கவும். மனிதர்களிடம் பேசினால் அவர்கள் திருப்பி ஏதாவது கேட்டுவிடுகிறார்கள். எந்திரம் கேட்காது. எத்தனை முறை வேண்டுமானாலும் அதே குரலில், அதே வேகத்தில் சொல்லும். நான் அதன் பின்னாலேயே முணுமுணுத்துப் பழகினேன்.

ஒருநாள் பக்கத்து வீட்டு ஒகாதா அம்மாள் லிஃப்ட்டுக்குள் வரும்போது, மரியாதையாக இருக்கட்டும் என்று, "கதவு மூடுகிறது, கவனமாக இருக்கவும்" என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நீங்கள் பேசியதா! லிஃப்ட் பேசியது என்று நினைத்தேன்" என்று கையால் சைகை காட்டிச் சொன்னார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு, கேலி செய்தாரா, பாராட்டினாரா என்று சாயங்காலம் வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

கணவர் ஒரு மின் அகராதி வாங்கிக் கொடுத்தார். உள்ளங்கை அளவு இருக்கும். சின்னக் குச்சியால் எழுத்தை வரைந்தால் அர்த்தம் காட்டும். அதை எடுத்துக்கொண்டு தெருப்பலகைகளைப் படிக்கக் கிளம்பினேன். இப்போது நினைத்துப் பார்க்கையில்தான் தெரிகிறது, நான் தேர்ந்தெடுத்துப் படித்ததெல்லாம் ஒரே வகை. அபாயம். நுழையாதே. நில். ஆழம். அவசர வழி. நல்வரவு என்ற பலகையை நான் இன்னும் அகராதி இல்லாமல் படிப்பதில்லை. ஆனால் அபாயம் என்பதை ஓடுகிற பஸ்ஸிலிருந்தே படித்துவிடுவேன்.

தொலைக்காட்சியும் அப்படித்தான். நில அதிர்வு வந்தால் திரையின் மேல்பக்கம் மணியடித்தபடி எழுத்து ஓடும். நாங்கள் குடியிருக்கும் வட்டாரத்தின் பெயர் அதில் வருகிறதா என்று பார்ப்பதற்காகவே அந்த எழுத்துகளை மனப்பாடம் செய்தேன். சமையலறையில் தாளித்துக்கொண்டிருக்கும்போது மணி கேட்டால், கரண்டியோடு ஓடிவந்து நிற்பேன்.

காலையில் குழந்தைகள் நிகழ்ச்சி ஒன்று வரும். தொப்பி போட்ட ஒரு கரடிப் பொம்மை தினமும் ஏதாவது சொல்லித்தரும். தாரணியை மடியில் வைத்துக்கொண்டு நானும் பார்ப்பேன். அவள் பொம்மையைப் பார்ப்பாள். நான் அதன் வாயிலிருந்து விழும் சொற்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருப்பேன். நான்கு சொல் பிடிபட்டால் அன்றைக்கு நல்ல நாள். அந்தப் பொம்மை என்ன கதை சொன்னது என்று நீங்கள் கேட்டால் எனக்குத் தெரியாது.

3

வெளிநாட்டவர் அட்டையைப் புதுப்பிக்க நகராட்சி அலுவலகத்துக்குப் போனபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த அட்டை எப்போதும் கையில் இருக்க வேண்டும் என்று வந்த முதல் வாரமே சொல்லிவிட்டார்கள். போலீஸ்காரர் கேட்டால் காட்ட வேண்டுமாம். இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆனாலும் குப்பை போடக் கீழே இறங்கினாலும் எடுத்துக்கொண்டுதான் இறங்குவேன்.

கவுண்டரில் இருந்த பெண் என்னிடம் ஏதோ கேட்டார். நான் சிரித்தேன். மறுபடி கேட்டார். நான் பைக்குள் அகராதியைத் துழாவினேன். அதற்குள் கீழேயிருந்து தாரணி பதில் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் எழுந்து நின்று, எட்டிப் பார்த்து, அவளைக் கண்டுகொண்டார். அதற்கப்புறம் அவர் என்னிடம் பேசவே இல்லை. மேசை மேல் குனிந்து தாரணியிடமே பேசினார்.

"அம்மா, உங்க பொறந்த நாளு கேக்கறாங்க."

சொன்னேன்.

"அம்மா, ஊடு மாறினீங்களான்னு கேக்கறாங்க."

"இல்லீங்கன்னு சொல்லு கண்ணு."

வெளியே வந்ததும் அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். எனக்குப் பெருமையாக இருக்க வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் இருக்கவில்லை. என் பிறந்த நாளைக்கூட என் மகள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டில் என்னிடம் தமிழில் பேசுவாள். பொம்மைகளிடம் ஜப்பானியம்தான். ஒருநாள், "பொம்மைகிட்டயும் தமிழ்ல பேசேன் சாமி" என்றேன். "பொம்மைக்குத் தமிழ் புரியாதுங்கம்மா" என்றாள், என்மேல் இரக்கப்படுகிற மாதிரி. இவளை ஊருக்கு அனுப்பினால் தமிழ் மிஞ்சும். அவளுக்கு நான் மிஞ்ச மாட்டேன். இங்கேயே வைத்துக்கொண்டால் நான் இருப்பேன்; பேச இருவருக்கும் என்ன மிஞ்சும்? எந்தப் பக்கம் யோசித்தாலும் பயம்தான் வந்து நின்றது.

4

இனி சொல்லப்போவது புரிய வேண்டுமானால் திருப்பூர் பஸ் நிலையத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். கம்பெனி விடும் நேரம். ஊத்துக்குளி பஸ் உள்ளே நுழையும்போதே ஆட்கள் கூடவே ஓடுவார்கள். ஜன்னல் வழியாகத் துண்டு விழும், டிபன் பாக்ஸ் விழும். குழந்தை கையில் இருந்தால் இன்னும் வசதி. என் அம்மா என்னைத் தூக்கிப் படியில் வைத்து, தன் பையையும் கையில் திணித்து, "போயி சீட்டப் புடி கண்ணு" என்று முதுகில் ஒரு தள்ளு தள்ளுவார். பெரியவர்களின் கால்களுக்கு நடுவே புகுந்து போய், ஒரு சீட்டில் நான் உட்கார்ந்து, பக்கத்தில் பையை வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொள்வேன். யார் கேட்டாலும், "அம்மா வர்றாங்க." அம்மா கீழே கொத்தமல்லிக்கு விலை பேசி முடித்துவிட்டுத்தான் வருவார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே சத்தம் போடுவார்: "புள்ள ஏறிருச்சு, அம்மா எங்க? ஏனுங்க, வண்டியெடுக்கோணும், சித்த வெசையா வாங்க!"

அம்மா ஏறாமல் வண்டி நகராது. இது எனக்குள் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்று எனக்கே தெரியாது.

அங்கே குழந்தை தொலைந்தாலும் பயம் வேறு மாதிரி இருக்கும். அவிநாசித் தேர்த் திருவிழாவில் மைக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். மைக் பிடிப்பவரும் ஏதாவது ஒரு பனியன் கம்பெனி ஆளாகத்தான் இருப்பார். "நேவி ப்ளூ ரவுண்டு நெக், அரைக்கை, நெஞ்சுல யானை பிரிண்ட்டு. பேரு கேட்டா அழுகுதுங்க. பெத்தவங்க மேடைக்கு வாங்க." கூட்டம் சிரிக்கும். பெற்றவள் அழுதுகொண்டே வந்து வாங்கிக்கொண்டு போவாள். ஆரு ஊட்டுப் புள்ள என்று கேட்க அங்கே ஊரே இருந்தது.

5

வியாழக்கிழமை தாரணியின் மழலையர் பள்ளி அரை நாள். அவளைக் கூட்டிக்கொண்டு ரயிலில் நாலு நிலையம் தள்ளியிருக்கும் பெரிய கடைக்குப் போய், ஐந்து கிலோ அரிசியும் ஒரு கட்டு வெங்காயத்தாளும் வாங்கினேன். திரும்ப நிலையத்துக்கு வந்து மேடையில் நின்றபோது தோள் வலித்தது. அரிசியைத் தரையில் வைத்தேன். ரயில் வந்து நின்றது. கதவு திறந்தது. உள்ளே கூட்டம், ஆனால் எதிர்ப்பக்கம் ஒரே ஒரு சீட்டு காலியாக இருந்தது.

நான் யோசிக்கவில்லை. வாய்தான் சொன்னது: "போயி சீட்டப் புடி கண்ணு." என் கைப்பையையும் கழற்றி அவளிடம் கொடுத்தேன். "பைய பக்கத்துல வெச்சுக்க." முதுகில் ஒரு தள்ளு.

அவள் ஓடினாள். நான் குனிந்து அரிசிப் பையைத் தூக்கினேன். கைப்பிடி நழுவியது. மறுபடி குனிந்தேன். மேலே ஒரு சின்ன இசை ஒலித்தது. பிறகு அந்தக் குரல்.

கதவு மூடுகிறது, கவனமாக இருக்கவும்.

ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. இந்த மொழியில் நான் முழுதாகப் புரிந்துகொள்ளும் வாக்கியங்களில் அதுவும் ஒன்று. நிமிர்வதற்குள் கதவு மூடிவிட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாரணி சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த கொஞ்ச இடத்தில் என் பையை வைத்து, அதன்மேல் கையை வைத்திருந்தாள். சீட்டுப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடேயே ரயில் நகர்ந்தது.

"நிறுத்துங்க! புள்ள உள்ள இருக்குது! ஏனுங்க, நிறுத்துங்க!"

தமிழில்தான் கத்தினேன். கூடவே ஓடினேன். மேடையில் இருந்தவர்கள் நான் ஓட வசதியாக ஒதுங்கி வழிவிட்டார்கள். ரயில் போய்விட்டது. மேலே பலகையில் இருந்த எழுத்தை என்னால் படிக்க முடிந்தது, படிக்காமலே இருந்திருக்கலாம். அது விரைவு ரயில். அடுத்த நிலையத்தில் நிற்காது, அதற்கடுத்ததிலும் நிற்காது.

போன் பையில். அகராதி பையில். பணம், அட்டை, வீட்டுச் சாவி எல்லாமே அந்தப் பையில். என் கையில் வெங்காயத்தாள் இருந்தது.

நிலைய ஊழியர் ஒருவர், இளவயதுக்காரர், தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டிருப்பார். நான் வாயைத் திறந்தேன். மூன்று வருடமாகச் சேர்த்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. வந்தது இதுதான்:

"கதவு மூடுகிறது, கவனமாக இருக்கவும்."

அவர் விழித்தார். நான் திரும்பவும் அதையே சொன்னேன். கதவு மூடுகிறது. கதவு மூடுகிறது. அவர் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். கதவில் என் கை மாட்டிக்கொண்டதோ என்று விரல்களைப் பார்த்தார். நான் ரயில் போன திசையைக் காட்டி, இடுப்பு உயரத்தில் கையை வைத்துக் காட்டினேன். அப்போதுதான் அந்தச் சொல் வந்தது. "கொதொமோ." குழந்தை.

அவர் முகம் மாறியது. சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து வரிசையாகக் கேட்கத் தொடங்கினார். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் ஒன்று பிடிபட்டது. என்ன உடை என்று கேட்கிறார்.

எங்கிருந்து வந்ததோ, தண்ணீர் திறந்துவிட்ட மாதிரி வந்தது. மஞ்சள். முழுக்கை. வட்டக் கழுத்து. கைமுனை வெள்ளை. நெஞ்சில் முயல். பருத்தி நூறு சதவீதம். ப்ளீச் செய்யக் கூடாது.

ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி எழுதிக்கொண்டார். ப்ளீச் செய்யக் கூடாது என்பதையும் எழுதிக்கொண்டார். பிறகு அலுவலகத்துக்கு ஓடினார்.

நான் நின்றேன். யாராவது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்களோ. என்னைத் தேடி நடுவில் எங்காவது இறங்கியிருப்பாளோ. இறங்கித் தண்டவாளத்தை எட்டிப் பார்ப்பாளோ. நங்கையாவின் குரல் காதிலேயே நின்றது. ஆருகிட்டப் போயி என்னன்னு சொல்லுவ? சொல்லிவிட்டேன் நங்கையா. எந்தத் துணி, எப்படித் துவைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்ன பதில் என்று இனி நான் யோசிக்க வேண்டியதில்லை. குழந்தை மட்டும் கிடைக்கட்டும். இந்த மாதமே அனுப்பிவிடுகிறேன். எங்கள் பக்கத்துச் சாமி அவிநாசியப்பரிடம் அப்படித்தான் சொன்னேன்.

அப்போது மேலே ஒலிபெருக்கி பேசியது. நிலைய அறிவிப்புகளை நான் கேட்பதே இல்லை, வேகமாக ஓடிவிடும். ஆனால் இந்த அறிவிப்பு வழக்கம் போல இல்லை. எதிரே நிற்பவரிடம் சொல்வது போல நிறுத்தி நிறுத்தி வந்தது. ஆரம்பம் புரியவில்லை. பிறகு உடைகள் வந்தன. அரக்கு நிற ஸ்வெட்டர், முன்பக்கம் பொத்தான். உள்ளே கடுகு மஞ்சளில் நீளமான சட்டை. வெள்ளைக் கால்சட்டை.

பாவம், இன்றைக்கு இன்னொருவரும் தொலைந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அதே அறிவிப்பு இரண்டாம் முறையும் வந்தது. அரக்கு நிற ஸ்வெட்டர். முன்பக்கம் பொத்தான். அலுவலக வாசலில் அந்த இளைஞர் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் என் கழுத்திலிருந்து காலுக்கு இறங்கியது. நானும் குனிந்து பார்த்தேன். அரக்கு ஸ்வெட்டர். ஒரு பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது. அதற்குக் கீழே, திருப்பூரில் எடுத்த கடுகு மஞ்சள் சுடிதார்.

6

அடுத்த ரயிலில் அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அரிசியையும் அவர்தான் தூக்கிக்கொண்டார். மூன்றாவது நிலையத்தின் அலுவலகத்தில், சுழல் நாற்காலியில் தாரணி உட்கார்ந்திருந்தாள். என் கைப்பையின் வாரைக் கழுத்தில் மாட்டியிருந்தாள். கையில் தேநீர்க் கோப்பை.

"எங்க போனீங்கம்மா?" என்றாள்.

நான் தரையில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அழுகை அடங்கிய பிறகு, "பயந்துட்டியா சாமி?" என்று கேட்டேன்.

"நான் பயப்படலீங்க. நீங்க பயப்படுவீங்கன்னு நெனச்சேன்."

"எப்படி இங்க எறங்குன?"

"பக்கத்துல ஒரு ஆன்ட்டி இருந்தாங்க. அவங்ககிட்டச் சொன்னேன், எறக்கி உட்டாங்க. தொலஞ்சு போனா தொப்பி போட்டவங்ககிட்டச் சொல்லோணும்னு கரடி சொல்லுச்சில்லீங்க? நீங்களுந்தானே பாத்தீங்க?"

நானும்தான் பார்த்தேன். அன்றைக்கும் நாலு சொல் பிடித்திருப்பேன்.

"என்னன்னு சொன்ன?"

"அம்மா தொலஞ்சு போயிட்டாங்கன்னு சொன்னேன்."

"என்ற துணிய ஏன் சொன்ன கண்ணு?"

"உங்களுக்குத் துணி பேரு மட்டுந்தானே நல்லாத் தெரியும்? அங்க போன் பண்ணி மைக்குல அதையே சொல்லச் சொல்லுங்க, மெதுவாச் சொல்லச் சொல்லுங்கன்னு தொப்பி போட்டவங்ககிட்ட நாந்தான் சொன்னேன்."

அங்கிருந்த பெரிய அதிகாரி, முடி நரைத்தவர், எங்களைப் பார்த்துத் தலை குனிந்து நின்றார். நான் அவருக்கு நன்றி சொன்னேன். எந்திரக் குரலில் அல்ல. தட்டுத்தடுமாறி, பாதி சொல் விட்டுப்போய். அவருக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். அவர் தாரணியைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டார். "அக்காகிட்ட இதச் சொல்ல வேண்டாம்" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மறைப்பது தப்பு என்றும் பட்டது. அவிநாசியப்பருக்குக் கொடுத்த வாக்கு வேறு. ஞாயிற்றுக்கிழமை வரை இப்படியே கழிந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தோம்.

"ஏனம்மணி, நாளைக்கு ஸ்கூல்ல போயிச் சொல்லோணும். என்ன முடிவு பண்ணுன?"

அனுப்புகிறேன் என்று சொல்வதா, இல்லை என்பதா, உண்மையிலேயே அந்த நொடி வரை எனக்குத் தெரியாது. நான் வாய் திறப்பதற்குள் தாரணி போனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள்.

"அத்தை, அம்மா தொலஞ்சு போயிட்டாங்க! நாந்தான் கண்டுபுடிச்சேன்!"

நங்கையா என்னைத்தான் கேட்டார்: "என்ன சொல்றா புள்ள?"

இனி மறைக்க ஒன்றும் இல்லை. சீட்டுப் பிடிக்கச் சொன்னதிலிருந்து சுழல் நாற்காலி வரை எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் நங்கையா, "அட சாமி, அட சாமி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். முடித்ததும் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னோடு பேசவில்லை.

"தாரணிக் கண்ணு, நீ அத்தகிட்ட வந்துரு சாமி. இங்க ரயிலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அத்த உன்னைய பத்தரமாப் பாத்துக்கறேன்."

"அப்ப அம்மாவ ஆருங்க பாத்துக்குவாங்க?"

"உங்கப்பன் இருக்கறானல்லோ?"

"அப்பா வேலைக்குப் போயிருவாங்க. அம்மா தனியாத்தான் ரயில்ல போவாங்க. மறுக்காத் தொலஞ்சு போயிட்டா, அம்மாவுக்குத் துணி பேரு மட்டுந்தான் தெரியும்னு ஆரு சொல்லுவாங்க?"

நான் என் கணவரைப் பார்க்கவில்லை. அவர் எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டார். போனில் ஒரு மொபெட் போகிற சத்தம் கேட்டது. நங்கையா வாசலில் நின்று பேசுகிறார் போல.

"அம்மணி."

"சொல்லுங்க நங்கையா."

"நானும் பொங்கல்லருந்து கேக்கறேன், உன்ற வாயிலருந்து ஒரு பதில் வரல. உம்புள்ளையக் கேட்டா ஒடனே வருது." மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "செரி. அந்தச் சீட்ட வேற ஆராவது புள்ளைக்குக் குடுத்துரச் சொல்லிர்றேன். ஆனா ஒண்ணு கேட்டுக்க. அந்தப் பாஷைய நீ ஒழுங்காப் படிச்சே ஆகோணும். புள்ளை எத்தன நாளைக்கு உனக்கு மைக்கு புடிச்சுட்டு இருக்கும்?"

"படிக்கறேனுங்க."

"பொறகு, அந்தூரு வண்டியில சீட்டுப் புடிக்கற சோலிய இன்னையோட உட்டுரு."

போனை வைத்ததும், கொடுத்த வாக்கை மீறியதற்கு அவிநாசியப்பரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். மகள் என்னோடு இருக்கிறாள். ஆனால் நான் அவளைப் பார்த்துக்கொள்வேன் என்பதால் அல்ல, அவள் என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால். ஐந்து வயதுப் பிள்ளை சுமக்கிற மூட்டையா இது? அதை அவள் தோளிலிருந்து இறக்கத்தான் இனி நான் படிக்க வேண்டும். நகராட்சி மண்டபத்தில் புதன்கிழமை தோறும் தன்னார்வலர்கள் பாடம் எடுக்கிறார்கள் என்று ஒகாதா அம்மாள் முன்பே சொல்லியிருந்தார். திருப்பிக் கேள்வி கேட்பார்களே என்ற பயத்தில் இத்தனை நாள் போகவில்லை. இந்த வாரம் போகிறேன். அந்தப் பயம் இன்னும் இருக்கிறது.

7

நேற்று, திங்கட்கிழமை, மறுபடி ரயிலில் போக வேண்டியிருந்தது. மேடையில் தாரணியோடு நின்றேன். கைப்பையைக் குறுக்காக மாட்டியிருந்தேன். தரையில் எதையும் வைக்கவில்லை. ரயில் வந்து, கதவு திறந்தது. நான் தாரணியின் கையை இறுக்கிக்கொண்டேன்.

அவள் நகரவில்லை. கதவைக் காட்டினாள்.

"நீங்க மொதல்ல ஏறுங்கம்மா."

ஏறினேன். அவள் கையை விடாமல், திரும்பி நின்று, அவளும் ஒரு கால், இன்னொரு கால் என்று உள்ளே வைக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே அந்தச் சின்ன இசை. கதவு மூடுகிறது, கவனமாக இருக்கவும். கதவு எங்கள் இருவருக்கும் பின்னால் மூடியது.

எதிர்ப்பக்கம் ஒரு சீட்டு காலியாக இருந்தது. நாங்கள் இரண்டு பேருமே அதன் பக்கம் போகவில்லை.